மூன்றாம் தடவை கேட்காத மருமகன்

அட்ராக்டா காஃப்னி தன் ஐம்பத்தாறு வயதில் எதற்கும் முதல் தடவையிலேயே 'சரி' என்று சொன்னவள் இல்லை. அவள் ஊரான ராஸ்காமன் பக்கத்தில் யாருமே சொல்ல மாட்டார்கள். ஒரு வீட்டுக்குப் போனால் டீ குடிக்கிறீர்களா என்பார்கள். ஐயோ வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று சொல்ல வேண்டும். அரைக் கோப்பையாவது என்பார்கள். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று எழுந்து கிளம்புவது போல நடிக்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்கும்போது தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். அப்போது, 'சரி, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்' என்று உட்கார்ந்தால் மூன்று கோப்பை டீயும் பாதி கேக்கும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். முதல் தடவையிலேயே தலையாட்டுகிற ஆளைப் பற்றி அந்த ஊரில் ஒரு வாரம் பேசுவார்கள்.

அவள் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. தபால்காரன் மலக்கி முதலில் கேட்டது நடனக் கூடத்தில். பிறகு மாட்டுச் சந்தை வாசலில் கேட்டான். மூன்றாவது தடவை, அடுப்பெரிக்க மண்கட்டி வெட்டும் சதுப்பு நிலத்தில், முழங்கால் வரைக்கும் சேற்றோடு நின்று கேட்டான். ஒரு பூட்ஸ் சேற்றுக்குள்ளேயே போய்விட்டது, இன்னொன்றும் போவதற்குள் பதில் சொல்லு என்றான். அட்ராக்டா சரி என்றாள். நடனக் கூடத்திலேயே அவளுக்குச் சம்மதம்தான், ஆனால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? மலக்கிக்கும் அது தெரியும், அதனால்தான் விடாமல் கேட்டான்.

அந்த மாட்டுச் சந்தையின் கேன்டீனில் இருபத்திரண்டு வருஷம் சமைத்தவள் அவள். சந்தை நாளில் இருநூறு விவசாயிகள் வருவார்கள். கையெல்லாம் சாணி வாசனை, வாயெல்லாம் வசவு, வயிறெல்லாம் பசி. பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் மலை மலையாகத் தட்டில் போகும். அவள் சுடும் சோடா ரொட்டிக்காகவே மாடு வாங்காதவனும் வந்து நிற்பான். போன மார்ச் மாதம் கேன்டீனை மூடிவிட்டு அந்த இடத்தில் ஒரு காப்பி இயந்திரத்தை வைத்தார்கள். அட்ராக்டா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஏப்ரனை மடித்து வைத்தாள். அன்றிலிருந்து இரண்டே பேருக்கு நாலு உருளைக்கிழங்கு வேகவைத்தாள், துடைத்த அடுப்பையே திரும்பவும் துடைத்தாள். யாராவது வந்து தன்னை மறுபடியும் ஒரு பெரிய அடுப்பு முன்னால் நிறுத்தமாட்டார்களா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் மகள் டெர்வ்லா போன் செய்தாள். கார்க் நகரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறவள் அவள். மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் வந்தால் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன், நன்றாகச் சாப்பிடலாம், குடிக்கலாம் என்றாள். முறைப்படி மூன்று தடவை கேட்டாள், முறைப்படி மூன்றாவது தடவை அட்ராக்டா ஒப்புக்கொண்டாள். போனை வைத்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை வாங்கினாள், தலைமுடி வெட்டிக்கொண்டாள். மலக்கியின் மீசையைக்கூட அவளே கத்தரித்தாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கார் கிளம்பிவிட்டது. முப்பது பேர் சாப்பிடும் அளவுக்கு அவள் கட்டி எடுத்த சான்ட்விச்சில் பாதியை, வழியில் லிமெரிக் ஊரைத் தாண்டுவதற்குள் மலக்கி ஒற்றை ஆளாகக் காலி செய்திருந்தான்.

கார்க்கில் இறங்கியதும் டெர்வ்லா அவர்களை நேராக இங்கிலீஷ் மார்க்கெட்டுக்குத்தான் கூட்டிப்போனாள். கூட அவள் புருஷன் யோஸ்ட். ஹாலந்துக்காரன், கதவு நிலையில் குனிந்து வருகிற உயரம், கப்பல் பட்டறையில் இஞ்சினியராக இருந்தவன். அட்ராக்டாவுக்கு அந்த மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் வயசு பாதியாகக் குறைந்துவிட்டது. பனிக்கட்டி மேல் வாயைப் பிளந்து கிடந்த மீன்களின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள், பாலாடைக்கட்டிக்காரர் நீட்டிய ஒவ்வொரு துண்டையும் ருசி பார்த்தாள், கோழி இட்ட சூடு ஆறுவதற்குள் ஓட்டின் மேல் வெண்ணெய் தடவிய முட்டைகளைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். மசாலாவில் ஊறிய மாட்டிறைச்சியை முகர்ந்துவிட்டு, கிராம்பு கொஞ்சம் தூக்கல் என்று கடைக்காரரிடமே சொன்னாள். அவர் ஒப்புக்கொண்டார். மாடியில் உட்கார்ந்து மலக்கி பாலில் வெந்த குடலும் ஆட்டு ரத்தத்தில் செய்த டிரிஷீனும் ஒரு தட்டு தின்று தீர்த்துவிட்டு, இந்த ஊரிலேயே சாகத் தயார் என்று அறிவித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு இடம் காட்ட வேண்டும் என்று யோஸ்ட் அவர்களை ஆற்றங்கரைச் சந்து ஒன்றுக்குக் கூட்டிப்போனான். பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டான். பதினாலு நாற்காலி, பெரிய ஜன்னல், உள்ளே ஆறு பர்னர் வைத்த புத்தம் புது அடுப்பு. பட்டறை வேலையை விட்டுவிட்டானாம். மத்தியானச் சாப்பாடு மட்டும் போடுகிற கடை, அடுத்த மாதம் திறக்கிறானாம். சமையலில் அவனுக்கு வெந்நீரைக்கூடத் தீய வைக்கத்தான் தெரியும். அதை டெர்வ்லாவே ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

யோஸ்ட் சுற்றி வளைக்கவில்லை. "அட்ராக்டா, இந்த அடுப்பை உங்களை நினைச்சுத்தான் வாங்கினேன். நீங்க வந்து சமைக்கணும். கடையில பாதி உங்களுது. மாடியில ரெண்டு ரூம் இருக்கு, நீங்களும் மலக்கியும் இருந்துக்கலாம். வர்றீங்களா?"

அட்ராக்டா அந்த ஆறு பர்னரையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். அந்த நிமிஷமே சட்டைக் கையை மடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கலாம் போல இருந்தது. ஆனால் வாய் அதன் பழக்கத்துக்குப் பேசிவிட்டது.

"நானா? நல்லா இருக்கே கதை. வேண்டாம்பா, இந்த ஊர்ல ஆளா இல்ல?"

யோஸ்ட் தலையாட்டினான். "சரி. நேரா சொன்னதுக்கு நன்றி" என்றான். பக்கத்து ஊர் கின்சேலில் ஒருவர் இருக்கிறார், மீன் நன்றாகச் செய்வார், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும், அவரையே வரச் சொல்லிவிடுகிறேன் என்றான். விளக்கை அணைத்தான், சாவியைப் பையில் போட்டுக்கொண்டான், பக்கத்துத் தெருவில் ஐஸ்கிரீம் நன்றாக இருக்கும் என்று நடக்க ஆரம்பித்தான். அட்ராக்டா வாசலிலேயே நின்றாள். இன்னும் இரண்டு தடவை பாக்கி இருக்கிறதே, இந்த மனுஷன் எங்கே போகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

சாயங்காலம் கேட்பான் என்று நினைத்தாள். ஆற்றோரப் பப்பில் உட்கார்ந்தார்கள். இன்னொரு கிளாஸ் வேண்டுமா என்று யோஸ்ட் கேட்டான், போதும்பா என்றாள், அவன் மூன்றே கிளாஸோடு திரும்பி வந்தான். மலக்கி முன்னால் கறுப்பு பீர் நுரை கட்டி நின்றது, அவள் முன்னால் காலிக் கிளாஸ். மறுநாள் காலையில் இன்னொரு பான்கேக் வேண்டுமா என்றான். வேண்டாம் என்றதும் தட்டை எடுத்துக் கழுவியே வைத்துவிட்டான். சனிக்கிழமை மத்தியானம் ஆகும்போது, சோறும் குடியுமாக வழிகிற ஒரு ஊரில் அட்ராக்டா ஒருத்திதான் அரைப் பட்டினி. மலக்கி விவரமானவன். யோஸ்ட் வாயைத் திறந்ததுமே 'ஆமா' என்று சொல்லக் கற்றுக்கொண்டு, பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தான்.

ஆனாலும் ஊர் அவளைச் சும்மா விடவில்லை. பாலத்துக்குப் பாலம் தாண்டினார்கள், படகுகளைப் பார்த்தார்கள், ஏறி இறங்கும் தெருக்களில் மூச்சு வாங்கினார்கள். கடை வாசல்களில் நின்று பலகையில் எழுதிய மெனுவை அவள் ஒன்று விடாமல் படித்தாள். இந்தச் சூப்பில் லீக் வெங்காயத்தாள் போதவில்லை, இந்த ரொட்டி நேற்றையது என்று ஒவ்வொரு கடைக்கும் மார்க் போட்டாள். நானாக இருந்தால் இப்படிச் செய்வேன் என்று மனசுக்குள் ஒரு முழு வாரத்துக்கும் மெனு எழுதிவிட்டாள். எழுத எழுத ஆசை கூடிக்கொண்டே போனது. ஆசையோடு பயமும் ஏறியது.

அதனால் ஜாடைமாடையாக ஆரம்பித்தாள். அந்த அடுப்பு ரொம்ப உசத்தியான அடுப்பு என்றாள். ஆமாம், பத்து வருஷ உத்தரவாதம் என்றான் யோஸ்ட். கின்சேல்காரருக்கு ரொட்டி சுட வருமா என்று கேட்டாள். வராது, வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்றான். குன்றின் மேலிருந்த, இப்போது காட்சிசாலையாகிவிட்ட பழைய சிறைச்சாலைக்குப் போனார்கள். ஒரு அறையில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த கைதிப் பெண்ணின் மெழுகுப் பொம்மைக்கு முன்னால் நின்று, அட்ராக்டா பெருமூச்சு விட்டாள். "பாவம், இவளை யாராவது இன்னொரு தடவை கேட்டிருந்தா சமையல் வேலைக்கு வந்திருப்பா." யோஸ்ட் சுவரிலிருந்த பலகையை மேலிருந்து கீழ் வரை கவனமாகப் படித்துவிட்டு, அப்படி எதுவும் இதில் போடவில்லையே என்றான். மலக்கி இருமுவது போல வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடினான்.

வெளியே அவனைப் பிடித்துக்கொண்டாள். நீ யோஸ்ட்டிடம் ஒரு வார்த்தை சொல்லேன் என்று கெஞ்சினாள்.

"என் பங்குக்கு மூணு தடவை நான் கேட்டாச்சு, பூட்ஸோட" என்றான் மலக்கி. "அடுத்தவன் பங்குக்கும் நானே கேக்கணுமா? வேணும்னா வேணும்னு சொல்லேன்."

"செத்தாலும் மாட்டேன்."

"அப்ப கின்சேல்காரன் கையால மீன் சாப்பிடலாம், வா."

அன்று சாயங்காலம் ஃபிடில் வாசிக்கிற ஒரு பப்பில் இடம் கிடைத்தது. ஆண்கள் இரண்டு பேரும் கவுன்டருக்குப் போயிருந்தபோது அட்ராக்டா மகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். உன் புருஷன் எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கவே மாட்டானா என்று, சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

டெர்வ்லா சிரித்தாள். நான்தான் அப்படிச் சொல்லிவைத்தேன் என்றாள். "அம்மாவை ரெண்டாவது தடவை கேக்கவே கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியமே வாங்கிட்டேன். மூணு தடவை கேட்டா நீ எதுக்கும் சரின்னுடுவே. சர்ச் விருந்துக்கு நூறு பேருக்குச் சமைச்சே. லீவு நாள்லகூட கேன்டீன்ல நின்னே. பெரியம்மா கால் ஒடிஞ்சப்ப ஆறு மாசம் அவங்க வீட்ல கிடந்தே. அதுல எதெல்லாம் பிடிச்சுச் செஞ்சே, எதெல்லாம் மரியாதைக்குச் செஞ்சேன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாதும்மா. இந்தத் தடவையாவது உன்னை யாரும் நெருக்க வேண்டாம்னு நினைச்சேன். நீ வேண்டாம்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

அட்ராக்டாவுக்கு, இல்லடி, எனக்கு வேணும்டி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எதிரில் மகளின் முகம் அத்தனை பெருமையாக, அத்தனை பாசமாக இருந்தது. "ஆமா, நல்லதுதான் செஞ்சே" என்று மென்று முழுங்கினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷான்டன் கோபுரம். ஊருக்கு மேலே நிற்கிற தேவாலயம். அதன் நாலு பக்கக் கடிகாரமும் நாலு நேரம் காட்டும் என்று ஊரே அதைப் பொய்யன் என்றுதான் கூப்பிடும். அங்கே யார் வேண்டுமானாலும் மணி அடிக்கலாம். மொத்தம் எட்டு மணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு, எந்தக் கயிற்றுக்குப் பின் எந்தக் கயிறு என்று எண் போட்ட அட்டை, காதுக்கு ஒரு பெரிய மூடி. மலக்கி நாலு இழுப்பு இழுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அட்ராக்டா கயிற்றைப் பிடித்தாள்.

இருநூறு பேர் சாப்பாட்டுப் பானையைத் தூக்கி இறக்கிய கை அது. மூன்று, மூன்று, ஐந்து, ஒன்று என்று அட்டையைப் பார்த்து இழுத்தாள். முதல் மணி அதிர்ந்தபோது உள்ளங்கால் வரை சிலிர்த்தது. இரண்டாவது வரியில் அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒரு எண் தவறியது, அடுத்ததும் தவறியது, கவலையே படவில்லை. கார்க் நகரம் முழுக்க ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜனங்கள் தான் அடிக்கிற மணியைக் கேட்டுக்கொண்டு ரொட்டி வெட்டுகிறார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. மூன்று மாதமாகச் சும்மா கிடந்த கை இரண்டும் வலித்தன. அந்த வலி அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அங்கிருந்து ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய படியில் ஏறி உச்சி மாடத்துக்கு வந்தார்கள். கீழே ஊர் மொத்தமும் வெயிலில் பளிச்சென்று கிடந்தது. லீ ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடியது. அட்ராக்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடை இருந்த சந்து எங்கே என்று தேடினாள். கண்டுபிடித்தும் விட்டாள். அதே நேரம் யோஸ்ட் போனை எடுத்தான். இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது, கின்சேல்காரரிடம் இப்போதே பேசி முடித்துவிடுகிறேன் என்றான்.

அட்ராக்டா கம்பியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"யோஸ்ட், பேசாதே" என்றாள். "நானே வரேன். கடைக்கு."

யோஸ்ட் போனைத் தாழ்த்தினான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"ஐயோ, வேண்டாம் அட்ராக்டா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

காரியம் கெட்டுவிட்டது, அந்தக் கின்சேல்காரரிடம் நேற்றே வாக்குக் கொடுத்துவிட்டான், அதை நாசூக்காகச் சொல்கிறான் என்று நினைத்தாள். மலக்கி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்படி அவன் எதையும் கூர்ந்து பார்த்து அவள் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ராஸ்காமனில் மானமுள்ளவள் அதைத்தான் செய்வாள்.

"சிரமம் எல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு வர இஷ்டம்" என்றாள்.

"நல்லா இருக்கே கதை. ஊர்ல உங்களுக்கு வீடு இருக்கு, தோட்டம் இருக்கு."

கேட்கிறவன் நிற்கிற இடம் இவ்வளவு கஷ்டமானது என்று அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. எத்தனை பேரை இப்படி நிறுத்திவைத்திருக்கிறோம், அவர்களில் திரும்பக் கேட்காமல் போய்விட்டவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தாள். அந்த நினைப்பில் வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் அவளைப் பேச வைத்தது.

"கேளு யோஸ்ட். மார்ச்ல இருந்து ரெண்டே பேருக்கு உருளைக்கிழங்கு அவிச்சு அவிச்சு நான் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கேன். வெள்ளிக்கிழமை நான் வேண்டாம்னது பொய். எனக்கு அந்த அடுப்பு வேணும். அந்த வேலை வேணும். மரியாதைக்குச் சொல்லல. எனக்கு வேணும்."

மாடத்தில் நின்ற வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். யோஸ்ட் தலையைத் திருப்பி மாமனாரைப் பார்த்தான்.

"மூணு ஆயிடுச்சு இல்ல?"

"ஆச்சு" என்றான் மலக்கி.

"அப்ப சரி" என்றான் யோஸ்ட். பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான்.

நடந்தது இதுதான். நேற்று அந்தப் பப்பின் கவுன்டரில் நிற்கும்போது யோஸ்ட் மாமனாரிடம் விசாரித்திருக்கிறான், ஏன் உங்கள் ஊர்க்காரர்கள் யாரும் எதையும் முதலில் வாங்கிக்கொள்வதே இல்லை என்று. மலக்கி ஊர் வழக்கத்தை விளக்கியிருக்கிறான். அப்படியானால் அட்ராக்டாவை இன்னொரு தடவை கேட்கட்டுமா, டெர்வ்லாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்று யோஸ்ட் தவித்திருக்கிறான். நீ கேட்காதே, இனி அவள் முறை என்றிருக்கிறான் மலக்கி. ஒருவேளை அவரே வந்து கேட்டால் என்ன செய்வது என்று யோஸ்ட் கேட்டிருக்கிறான். நல்ல குடும்பத்துப் பிள்ளை இரண்டு தடவை மறுப்பான் என்று மலக்கி விளையாட்டாகச் சொல்லிவைக்க, அந்த அப்பாவி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டான். மாமியாருக்கு மரியாதைக் குறைவு வந்துவிடக் கூடாதே என்று, வியர்க்க வியர்க்க இரண்டு தடவை மறுத்திருக்கிறான்.

அட்ராக்டா மலக்கியின் தோளில் பலமாக ஒன்று வைத்தாள். பிறகு சாவியை வாங்கினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அவளால் நிற்க முடியவில்லை, கோபுரச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அதற்குள் அவளுக்கு நூறு வேலை ஞாபகம் வந்தது. அந்த அலமாரி அடுப்புக்கு ரொம்ப தூரம், மாற்ற வேண்டும், மாவுக்கு ஒரு பெரிய டப்பா வேண்டும், கின்சேல்காரரை விட்டுவிடக் கூடாது, வெள்ளிக்கிழமை மட்டும் மீனுக்கு வரச் சொல்லலாம் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனாள்.

டெர்வ்லா மெல்ல நெருங்கி வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. அம்மாவின் கையைச் சாவியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு ஒண்ணு வேணும்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்லம்மா."

"நானும் இப்பதான் கேக்கறேன்" என்றாள் அட்ராக்டா.